வாப்பாவுக்கு நான் விற்ற பம்ப்

என் வாப்பா என் வீட்டுக்கு வந்தால், தேத்தண்ணீரைக் கையில் எடுக்கும் முன்னர் ஒரு கேள்வி கேட்பார்.

“இந்தச் சீனி, மாஸ்டர்ட சல்லியா, உன்ட சல்லியா?”

மாஸ்டர் என்பது என் கணவர். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறார். அவருடைய சம்பளத்தில் வாங்கிய சீனி என்றால் வாப்பா இரண்டு கரண்டி போட்டுக் கலக்கி ருசித்துக் குடிப்பார். என்னுடைய சம்பளம் என்றால், “வெறும் தண்ணி போதும் மகள்” என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிடுவார். அந்தத் தண்ணீருக்குப் பில் கட்டுவது யார் என்று ஒருநாள் அதையும் கேட்டார். மாஸ்டர்தான் என்று சொல்லித் தப்பினேன். உண்மையில் அந்த மாதம் கட்டியது நான். அந்தப் பொய்க்கு இன்றைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

புத்தளம் டவுனில் ஒரு வங்கிக் கிளையில் நான் வேலை செய்கிறேன். வங்கி என்றால் வட்டி, வட்டி என்றால் ஹராம், வாப்பாவுக்கு அதற்கு மேல் பேச எதுவும் இல்லை. வேலைக்குப் போகாதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, ஏசியதும் இல்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும், ஏனென்றால் திருப்பிப் பேச எனக்கு நன்றாக வரும். அவர் பேசாமல் என் சம்பளத்தை மட்டும் தொடாமல் இருந்தார். பெருநாளைக்குச் சாரன் எடுத்துக் கொடுத்தால் வாங்கி, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுவார். பதினொரு வருடம் இப்படியே போனது. மற்றப் பிள்ளைகளிடம் வாங்கிச் சாப்பிடுகிற மனிதர் என்னிடம் மட்டும் வாங்கவில்லை என்பது எனக்குப் பெரிய நோவு. அதை நான் சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் கதையாகச் சொல்வேன், ஆனால் நோவு நோவுதான்.

உம்மாவுக்கு அந்தச் சிக்கல் கிடையாது. மாம்புரியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு நான் மீன் வாங்கிக்கொண்டு போனால், இரண்டு கையாலும் வாங்கி, எனக்கும் தனக்கும் ஒரு சட்டியில் ஆணம் ஆக்குவார். வாப்பாவுக்கு வேறு சட்டி, வேறு மீன். “அவருக்கு நெத்தலி, நமக்குப் பாரை” என்று கண்ணைச் சிமிட்டுவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டவுனில் வங்கிகளை விரல்விட்டு எண்ணலாம். இப்போது இரண்டு கடைக்கு ஒரு வங்கி, அதற்கு நடுவில் லீசிங் கம்பனி, நகை அடகு பிடிக்கும் இடம். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் சம்பளத்தை மெசினில் கார்ட் போட்டு எடுக்கிறார்கள். கற்பிட்டிப் பக்கத்து மீனவப் பெண்கள் போனைக் கொண்டுவந்து நீட்டி, “மிஸ், இதில காசு வந்திருக்கா பாருங்க” என்பார்கள். ஆனால் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் வங்கிக்குள் வந்தாலும் செருப்பை வெளியே விட்டமாதிரியே இருப்பார்கள். கணக்கில் விழுந்த வட்டியை வெட்டிவிடச் சொல்லிச் சண்டை பிடிப்பவர்கள் இருந்தார்கள். சிலர் தங்களுக்கு ஆகாதென்று அதை எடுத்துப் பொதுக் கக்கூஸ் கட்டக் கொடுப்பார்கள். எங்கள் ஊரில் சில கக்கூஸ்கள் நல்ல உறுதியானவை.

இதையெல்லாம் கொழும்பில் யாரோ பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். ஒருநாள் எங்கள் கிளையிலும் ஒரு மூலையில் பச்சைப் பலகை மாட்டி, இரண்டு மேசையும் நாலு கதிரையும் போட்டு, இஸ்லாமியப் பிரிவு என்று திறந்தார்கள். ஒரு கிழமை பயிற்சிக்கு அனுப்பி என்னை அங்கே உட்காரவைத்தார்கள். எதிர்ப்பக்கத்தில் வழமையான கடன் மேசை. அதில் இருப்பவள் என் கூட்டாளி, சிலாபத்துக் கரையில் பிறந்த கத்தோலிக்க வேதக்காரப் பெண்.

“இனி நீ சொர்க்கத்துக்கு, நான் வட்டிக்கு” என்று அவள் முதல் நாளே தொடங்கிவிட்டாள்.

பச்சைப் பலகைக்கு எங்கள் ஆட்கள் மட்டும்தான் வருவார்கள் என்று நினைத்தேன். முதலில் வந்தது படகுக்கு எஞ்சின் வேண்டும் என்று ஒரு வேதக்கார மீனவர். அடுத்தது தென்னந்தோட்டக்காரச் சிங்கள மனிதர். “லாபம் எவ்வளவெண்டு முதலே சொல்லீர்றீங்க, பிறகு கூட்டவும் மாட்டீங்க, எனக்கு அது போதும்” என்றார். மார்க்கம் அவருக்குத் தேவைப்படவில்லை. மேசை நிறைய ஆள் வர வர எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

வராத ஆள் ஒருவர்தான். நான் பிரிவு மாறியதைப் போய்ச் சொன்னபோது வாப்பா பீட்ரூட் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“அதே பேங்க்தானே?”

“ஓம் வாப்பா. ஆனா இது வேற பிரிவு.”

“வட்டிக்குத் தொப்பி போட்டா அது தொழப் போகுமா மகள்?”

எனக்குக் காது சிவந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு முதலில் காதில்தான் தெரியும். பயிற்சியில் படித்ததை எல்லாம் பாத்தி ஓரத்தில் நின்று கொட்டினேன். நாங்கள் சல்லியைக் கொடுத்துவிட்டு அதற்கு மேல் சல்லி வாங்குவதில்லை. உங்களுக்கு ஒரு சாமான் வேண்டுமென்றால் வங்கியே கடையில் அதை வாங்கும். வாங்கினால் அது வங்கியின் சொத்து. பிறகு இவ்வளவுக்கு வாங்கினோம், இவ்வளவு லாபம் வைக்கிறோம் என்று வாயால் சொல்லி உங்களுக்கு விற்கும். நீங்கள் தவணையில் கட்டலாம். வியாபாரம் ஹலால்தானே?

“சொல்லக்க நல்லாத்தான் இரிக்கி” என்றார். அவ்வளவுதான். அந்த மாதமும் என் சீனி அவருக்கு ஆகவில்லை.

பிறகு அவருடைய பழைய தண்ணிப் பம்ப் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. மாம்புரி மணல் தரை. இரண்டு நாள் தண்ணீர் இல்லையென்றால் பீட்ரூட் இலை தொங்கிவிடும். கையில் முழுப் பணமும் இல்லை, அறுவடைக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரு வியாழக்கிழமை மேசையில் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன், முன்னால் யாரோ கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் வாப்பா. தொப்பி போட்டு, வெள்ளைச் சேர்ட் போட்டு, பொண் பார்க்க வந்தவரைப்போல உட்கார்ந்திருந்தார். எதிர் மேசைக்காரி எழும்பி நின்றுவிட்டாள்.

“ஒரு பம்ப் வேணும். உன்ட வியாபாரத்தப் பாப்பம்” என்றார்.

படிவத்தை நானே நிரப்பினேன். பாலாவியில் அவருக்குத் தெரிந்த கடையில் பம்பைப் பார்த்து, விலையை ஒரு கடிதத்தில் எழுதி வாங்கி அனுப்புங்கள், திங்கட்கிழமை நான் வங்கியின் செக்கோடு போய் வாங்குவேன் என்று சொன்னேன். பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அது எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உம்மாவைப் பார்க்க மாம்புரிக்குப் போனேன். பஸ்ஸில் இருந்து இறங்கும்போதே எங்கள் காணியில் இருந்து பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. பீட்ரூட் பாத்தி எல்லாம் நனைந்து பளபளத்தது. வாப்பா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நின்றார்.

“பாத்தியா, புதுசு. முதலாளி தெரிஞ்ச மனிசன்தானே. சல்லி பிறகு வரட்டும், கொண்டு போங்க எண்டு ஏத்திவிட்டான்.”

நான் தலையில் கையை வைத்துக்கொண்டு கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் வியாபாரம் இப்படித்தான். தெரிந்த ஆள் என்றால் சாமான் முன்னே போகும், பேச்சு பின்னே வரும். யாரையும் குறை சொல்ல முடியாது.

ஒரு நிமிடம், பொய் சொல்லக்கூடாது, ஒரு நிமிடத்துக்கும் மேலாகவே, வாயை மூடிக்கொள்வோமா என்று யோசித்தேன். திங்கட்கிழமை செக்கைக் கொடுத்துக் கையெழுத்தை வாங்கினால் தாளில் எல்லாம் சரியாக இருக்கும். வாப்பாவுக்கு இந்த நுணுக்கம் தெரியாது. பம்பும் ஓடும், என் சீனியும் ஒருநாள் அவர் கோப்பையில் விழும். ஆனால் அப்படி விழுந்த சீனியை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

“வாப்பா, விலை பேசி முடிச்சீங்களா?”

“பேசின.”

“வீட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டுறீங்க. அப்ப இது யார்ட பம்ப்?”

“என்ட.”

“உங்கட பம்பை நான் எப்பிடி உங்களுக்கே விக்கிற? இப்ப நான் கடைக்குக் காசக் குடுத்துட்டு உங்கட்ட அதுக்கு மேல வாங்கினா அது வியாபாரமில்ல. அதுக்கு என்ன பேரெண்டு உங்களுக்குத் தெரியும்.”

அவர் போய்ப் பம்பை நிறுத்தினார். திடீரென்று அந்த இடமே அமைதியாகிவிட்டது.

“அப்ப என்ன செய்ற? திருப்பிக் குடுத்திட்டு, அதே பம்பை நீ வாங்கி, அதே கையோட எனக்குத் தாறதா? அது நாடகம் மகள்.”

எனக்கும் அதே சந்தேகம்தான். திங்கட்கிழமை காலையில் கிளையில் இருந்து கொழும்புக்கு, எங்கள் பிரிவுக்கு ஆலோசனை சொல்லும் மவ்லவிக்குப் போன் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். திருப்பிக் கொடுத்தால் உண்மையாகவே திருப்பிக் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு கடைக்காரர் அதை யாருக்கும் விற்கலாம், எங்களுக்காக எடுத்து வையுங்கள் என்று ஒரு வார்த்தை வாயில் வரக்கூடாது என்றார்.

எதிர் மேசைக்காரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “கண்ண மூடிக்கொண்டு ஒப்பத்த வையடி. பீட்ரூட்டுக்குத் தெரியுமா பம்ப் யார்ட எண்டு? என்ட மேசையில எண்டா இந்நேரம் உன்ட வாப்பா தண்ணி இறைச்சு முடிச்சிருப்பார்” என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

மவ்லவி சொன்னதைச் சொன்னதும், வாப்பா அன்றைக்கே பம்பைத் துடைத்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பாலாவிக்கு வந்தார். செக்கைப் பையில் வைத்துக்கொண்டு நானும் போனேன். கடை முதலாளி சிங்கள மனிதர், தமிழ் எங்களைவிட வேகமாகப் பேசுவார்; வாப்பாவை எங்கள் ஆட்களைப்போல நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். பம்பைக் கண்டதும் முகம் சுருங்கிவிட்டது.

“என்ன நானா, பழுதா?”

“பழுதில்ல.”

“தண்ணி அடிக்கலையா?”

“நல்லா அடிச்ச.”

“அப்ப என்னத்துக்கு?”

வாப்பா என்னைக் காட்டினார். நான் முதலில் இருந்து கடைசி வரை விளங்கப்படுத்தினேன். முதலாளி நடுவில் இரண்டு தரம் தேத்தண்ணீர் சொன்னார். முடிவில், “மிஸ், பேங்க்காரங்க இவ்வளவு கஷ்டப்பட்டுக் காசு குடுக்கிறத நான் இப்பதான் பாக்கிறேன்” என்றார். ஆனாலும் நல்ல மனிதர். பம்பைத் திருப்பி எடுத்தேன் என்று வாயால் சொல்லி, தூக்கி முன் தட்டில் வைத்தார். வங்கியின் பேருக்குப் புதிதாக விலைக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து, முன்னால் புனித அன்னம்மாள் படம் ஒட்டிய ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவர் என் வயதுள்ள தோட்டக்காரர். அவருக்கும் அதே அளவில் ஒரு பம்ப் வேண்டுமாம், அன்றைக்கே வேண்டுமாம்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். எடுத்து வையுங்கள் என்று சொல்லக்கூடாதே.

“ஒண்டுதான் இரிக்கு” என்றார் முதலாளி. “மூணு நாள் ஓடினது. அதனால கொஞ்சம் குறைச்சுத் தாறன்.”

“ஏன் திருப்பித் தந்தவங்க? ஏதும் பிழையோ?”

“ஓட்டினவர் அந்தா இரிக்கிறார். அவர்ட்டயே கேளுங்க.”

வாப்பா மர வாங்கில் இருந்து எழும்பினார். சும்மா ஒரு தரம் உதட்டைப் பிதுக்கியிருந்தால் போதும், அந்த ஆள் போயிருப்பார்.

“பிழையொண்டுமில்ல தம்பி” என்றார் வாப்பா. “நல்ல பம்ப். ரெண்டாவது இழுப்பில ஸ்டார்ட் வரும். கயித்த வெடுக்கெண்டு இழுக்காதீங்க, இப்பிடி.” இழுத்தும் காட்டினார்.

நான் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தேன். வாப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

“எங்கடதில்ல மகள். எங்கடதெண்டா நாம இங்க வந்திரிக்கவே தேவையில்ல.”

அந்த ஆள் எண்ணிக் கொடுத்துவிட்டுப் பம்பைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்விட்டார். என் இரண்டு காதும் எரிந்தன. மோட்டார் சைக்கிள்காரர், முதலாளி, கொழும்பு மவ்லவி, பீட்ரூட் எல்லார் மேலும் கோபம். வாப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருடம்.

“என்ன வாப்பா சிரிக்கிறீங்க? பம்ப் போயிட்டுது.”

“அதுதான் மகள். நாடகத்தில சாமான் போகாது. இது உண்மையாவே போயிட்டுது.”

அடுத்த பம்ப் கொழும்பில் இருந்து வர வியாழக்கிழமை ஆகும் என்றார் முதலாளி. அதுவரைக்கும் கைதான். செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். புதன்கிழமை போயா, பௌர்ணமி என்பதால் எப்படியும் விடுமுறை. கிணற்றில் இருந்து அள்ளி அள்ளிப் பூவாளியில் ஊற்றினோம். போயா அன்று மாஸ்டரும் வந்தார். ஒரு பாத்திக்கு எத்தனை பூவாளி என்று கணக்குப் போட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார், ஊற்றியது குறைவு. மதியம் என் கூட்டாளி சிலாபத்தில் இருந்து பஸ் ஏறி வந்து இறங்கினாள். “வட்டிப் பக்கத்தில இருந்து உதவிக்கு வந்திருக்கேன் மாமா, தண்ணி ஹலாலாகுமா?” என்று வாப்பாவிடம் கேட்டாள். “நீ முதல்ல ஊத்து பிள்ள, பேச்சப் பிறகு பேசுவம்” என்றார். உம்மா எங்கள் எல்லாருக்கும் சோறு கொண்டுவந்தார். கை தோலெல்லாம் உரிந்து, முதுகு நிமிராமல், நாங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கிறது. பீட்ரூட்டில் ஓர் ஓரம்தான் வாடியது. மற்றதெல்லாம் தப்பிவிட்டது.

வியாழக்கிழமை பாலாவிக்குப் போனோம். புதுப் பெட்டி வந்திருந்தது. செக்கைக் கொடுத்தேன். முதலாளி வங்கியின் பேருக்குப் பில் எழுதினார். பெட்டியைத் திறந்து பார்த்து, என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன். வாப்பா தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார்.

“தொடாதீங்க. இது பேங்க்ட பம்ப்.”

“இப்ப இது கீழ விழுந்து உடைஞ்சா?”

“பேங்குக்கு நட்டம்.”

“எனக்கொண்டுமில்லையா?”

“உங்களுக்கென்ன? கடைக்கு வந்த ஒரு ஆள் நீங்க.”

அவர் கையை இழுத்துக்கொண்டு, இரண்டடி பின்னால் போய் நின்றார். முகத்தில் அப்படியொரு திருப்தி. முதலாளியைக் கூப்பிட்டு, “பாத்தீங்களா, விழுந்தா அவங்கட நட்டமாம்” என்று அதையும் சொன்னார்.

பிறகு நான் எழும்பி நின்று, வங்கி இதை இன்ன விலைக்கு வாங்கியது, இவ்வளவு லாபம் வைத்து இன்ன விலைக்கு உங்களுக்கு விற்கிறேன் என்று சொன்னேன். நூறு பேருக்கு மேல் சொல்லியிருப்பேன். அன்றைக்கு மட்டும் தாளைப் பார்த்து வாசித்தேன்.

“வாங்கினன்” என்றார் வாப்பா. பிஸ்மி சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

கற்பிட்டிக்குப் போகிற கடை லொறியில் பம்பை ஏற்றிவிட்டு, நாங்கள் இருவரும் மாம்புரிக்குப் பஸ் ஏறினோம். நல்ல சன நெரிசல். பின்னால் ஒரு சீட் கிடைத்தது. கண்டக்டர் நெருக்கிக்கொண்டு வந்தார். நான் பையைத் திறக்கவில்லை. வாப்பாவோடு போனால் டிக்கெட் எப்போதும் அவர்தான் எடுப்பார், எனக்கும் சேர்த்து. நான் பையைத் திறந்தாலே கையைத் தட்டிவிடுவார்.

கண்டக்டர் வாப்பாவிடம் கையை நீட்டினார். வாப்பா முன் சீட்டுக் கம்பியில் இருந்து கையை எடுக்கவில்லை.

“மகள் தருவா” என்றார்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். கண்டக்டர் என் பக்கம் திரும்பினார். பையின் சிப் எங்கே இருக்கிறது என்று கை தேடியது. ஒரு தாளை எடுத்துக் கொடுத்தேன், எவ்வளவு என்றுகூடப் பார்க்கவில்லை. இரண்டு டிக்கெட்டைக் கிழித்துத் தந்துவிட்டு, மிச்சம் தராமல் அவர் அடுத்த சீட்டுக்குப் போனார். கண் கலங்கியதை மறைக்க நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வாப்பா என் முழங்கையில் தட்டினார்.

“மிச்சத்தக் கேட்டு வாங்கு மகள். நீ உழைச்ச சல்லி.”